டேட்டா கொடுத்தார்கள், உதவித்தொகை?

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பாலிடெக்னிக் உள்ளிட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என எடப்பாடி பழனிசாமி அரசு அறிவித்தது. ஊரடங்கில் வீட்டு வருமானம் நின்றுபோய், திருச்செங்கோட்டு விசைத்தறிக்கோ நாமக்கல் லாரிப் பட்டறைக்கோ கூலிக்குப் போன தலித் மாணவருக்குத் தேவைப்பட்டது ரொக்கம். அமெரிக்காவின் கேர்ஸ் சட்டம், கல்லூரிகளுக்குப் பகிர்ந்த நிதியில் குறைந்தது பாதியை மாணவர் கைக்கே சேர்க்கப் பணித்தது. இங்கோ, புதிய நிவாரணம் இருக்கட்டும். ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்கு உட்பட்ட பட்டியல் சாதிக் குடும்பத்து மாணவருக்கு உரிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையே ஒன்றிய, மாநில அரசுகளின் பங்குத் தகராறில் சிக்கிக் கிடந்தது. ஐந்தாண்டுக்கு ரூ.59,048 கோடி, அதில் ஒன்றியத்தின் பங்கு 60 விழுக்காடு என அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2020 டிசம்பர் 23 அன்றுதான். ஊரடங்கு தொடங்கி ஒன்பது மாதங்களுக்குப் பின். சேலம், நாமக்கல் மாணவர் அமைப்புகள் அந்த ஆண்டின் நிலுவையைக் கல்லூரிவாரியாகக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம்.