கோபத்தைப் பாடின ஆல்பத்துக்கு ‘மகிழ்ச்சி’ன்னு ஏன் பேர் வச்சாங்க?

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். ஒரே மாதிரி சாம்பல் நிற கோட் சூட்டில் 19 பேர் மேடையேறினார்கள். ஒரு பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ். இன்னொரு பக்கம் பறை, சட்டி, கட்ட மோளம். பேண்ட் பேர் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’.

அதே ஆண்டு வந்த அவர்களின் முதல் ஆல்பத்தின் பெயர் ‘மகிழ்ச்சி’. ஆனா இந்தக் குழு பாடியதெல்லாம் சாதி, இடஒதுக்கீடு, மாட்டுக்கறி. அப்புறம் ஏன் இந்தப் பேர்?

யார் இவங்க?

இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. கானா பாடகர்கள், ராப் பாடும் அறிவு, ராக் கலைஞர்கள் எல்லாரும் ஒரே மேடையில் வந்தார்கள். பெயருக்கான விதை அயோத்திதாசப் பண்டிதருடையது (1845-1914). ‘சாதி பேதமற்ற’ என்ற அடையாளத்தை 19-ம் நூற்றாண்டிலேயே முன்வைத்தவர் அவர்.

கானாவும் ராக்கும் எப்படிச் சேர்ந்தது?

வடசென்னையில் ஒருத்தர் இறந்துட்டா, ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பாடும் பாட்டு கானா. 90-களில் தேவாவின் இசையில் அது சினிமாவுக்குள் பெரிசா நுழைந்தது. ஆனா அங்கே பெரும்பாலும் கலாய்க்கவும் ஆடவும்தான் பயன்பட்டது. அதன் துக்கம் வெளியே நின்றுவிட்டது.

பறையின் கதை இன்னும் கசப்பு. ‘சாவு மோளம்’ என்று ஒதுக்கினார்கள். அடிப்பதை ஒரு சாதியின் கட்டாய வேலையாக்கினார்கள். அந்தப் பறையை டிரம்ஸுக்குப் பக்கத்தில், அதே சத்தத்தில், அதே மைக்கில் வைத்ததுதான் இந்த பேண்ட் செய்த முதல் அரசியல்.

பாட்டில் என்ன இருந்தது?

அன்றைய செய்திகள் இருந்தன. தமிழ்நாட்டில் மொத்த இடஒதுக்கீடு 69%. அதில் பட்டியல் சாதியினருக்கு 18%, பழங்குடியினருக்கு 1%. மீதி 50% பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு. ஆனா காலேஜிலும் ஆபீஸிலும் ‘கோட்டா’ என்ற குத்தல் யார் மேல விழுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு பாட்டு. 2017 மே மாதம், சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்க மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அந்தச் சூட்டில் மாட்டுக்கறி பற்றி ஒரு பாட்டு.

சரி, ஏன் ‘மகிழ்ச்சி’?

‘கபாலி’ (2016) பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் புதுசில்லை. இரஞ்சித் இயக்கிய அந்தப் படத்தில் ரஜினி அடிக்கடி சொல்வது இதைத்தான். ஆனால் இங்கே அர்த்தம் இன்னும் கூர்மையானது.

தலித் மக்கள் செய்தியில் வருவது பெரும்பாலும் சாவோடுதான். ஆணவக்கொலை, கழிவுநீர்த் தொட்டி மரணம். படிப்பவர்கள் ‘அய்யோ பாவம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம். இந்த பேண்ட் அந்தப் பரிதாபத்தைக் கேட்கவில்லை. அம்பேத்கரை நினைவூட்டும் கோட் சூட் போட்டு, நிமிர்ந்து நின்று, எல்லாரையும் ஆட வைத்தது. கோபத்தைச் சொல்லவும் உரிமை இருக்கு, கொண்டாடவும் உரிமை இருக்கு என்பதுதான் அந்தத் தலைப்பு.

பாட்டால் சாதி போயிடுமா?

போகாது. விலையும் உண்டு. ஆண்களே நிறைந்த கானாவில் தனித்துத் தெரிந்த இசைவாணி, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். அவர் பல வருஷம் முன்னாடி பாடிய சபரிமலை தொடர்பான பாட்டுக்காக 2024 நவம்பரில் போலீஸ் புகார்கள் வந்தன.

ஆனால் ஒன்று மாறியது. கர்நாடக சங்கீத சபாக்களின் மாதமான மார்கழியில், 2020 முதல் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’ நடத்தத் தொடங்கியது. கானாவும் பறையும் அந்த சீசனுக்குள் வந்துவிட்டன.

மீதி வேலை கேட்பவர்களிடம் இருக்கிறது. ஹெட்போனில் இந்தப் பாட்டுக்குத் தலையாட்டுவது சுலபம். புதுசா சேர்ந்தவரிடம் டீ பிரேக்கில் யாராவது ‘எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?’ன்னு துருவும்போது, பக்கத்தில் நிற்பவர் பேச்சை நிறுத்துவாரா என்பதுதான் கஷ்டமான இடம்.