பழைய கோப்பும் மெய்நிகர்க் கணினியும்: ஆய்வுச் சான்றுகளைக் காத்தல் குறித்து ஒரு கருத்துரை

தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதற்குக் குறை நேரின் அதனைச் செப்பனிடுவோரை வணங்குவதாகப் பாடலாகவே கல்லில் பொறித்துள்ளான். அக்கல்லெழுத்தை இன்றும் நேரே படிக்கலாம். கணினிக் கோப்புக்கு அவ்வியல்பு இல்லை. இயங்குதளம், மென்பொருள், எழுத்துரு ஆகிய மூன்றும் உடனிருந்தாலன்றி அதனை உள்ளவாறு காண இயலாது.

1990களில் தமிழாய்வேடுகள் பல, வெவ்வேறு குறியேற்றம் கொண்ட எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பெற்றன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் அதற்கு முந்தைய கோப்புகள் பழைய குறியேற்றத்திலேயே உள்ளன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் போதாதா எனலாம். போதாது என்பதே என் கருத்து. குற்றால மலையடி ஊர்களின் பேச்சு வழக்கைத் திரட்டிய ஆய்வாளர் ஒருவர், சொல்லிறுதி மூக்கொலி உயிருக்கெனத் தம் எழுத்துருவில் தனிக்குறி ஒன்றைச் சேர்த்திருந்தார் எனக் கொள்வோம். மாற்றி மென்பொருள் அக்குறியை அறியாது. அதனை விட்டுவிடும், அல்லது வேறெழுத்தாக்கும். இழக்கப்படுவது ஆய்வின் தரவே. பக்க அமைப்பு மாறுவதால் பிறர் காட்டிய மேற்கோள்களின் பக்க எண்களும் பொருந்தாமற்போகும்.

இங்குதான் மெய்நிகர்க் கணினி பயன்படுகிறது. இன்றைய மேசைக் கணினிக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளின் துணையால் 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, பழைய பேஜ்மேக்கரையும் எழுத்துருக்களையும் அதில் இயக்கலாம். அதன் வன்தட்டு முழுவதும் ஒரு கோப்பாகவே அமைவதால் படியெடுத்துக் காப்பதும் எளிது. 2014இல் அவ்வியங்குதளத்திற்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நின்றுவிட்டமையால் இணைய இணைப்பைத் துண்டித்தே இயக்குதல் வேண்டும்.

இதற்கு வரம்புகளும் உள. பழுதுற்ற நெகிழ்வட்டை இது மீட்டுத் தாராது. பழைய மென்பொருளின் உரிமமும் காலாவதியாகி விடுவதில்லை. ஆதலின் துறைகள் தம்மிடமுள்ள நிறுவல் வட்டுகளையும் உரிம எண்களையும் எறிந்துவிடலாகாது.

ஓலையைப் படியெடுத்தபின் ஓலையை அழிப்பார் இலர். பாடவேறுபாடு எழுங்கால் மூலத்தையே நாடுகிறோம். அம்முறையைக் கோப்புக்கும் கொள்ளல் வேண்டும். மூலக்கோப்பு, அதனைத் திறக்கும் மெய்நிகர்க் கணினி, ஒருங்குறி வடிவம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தமிழ்த்துறையும் ஒருசேரப் பேணுதல் வேண்டும். தட்டச்சு செய்தோரும் ஆய்வு செய்தோரும் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைத் தொடங்கினால், ஐயம் எழும் இடங்களை அவர்களிடமே கேட்டுத் தெளியலாம்.