உழுபவர் கைக்கு எட்டாத கடன்

விவசாயக் கடன் இலக்கை ஆண்டுதோறும் உயர்த்துவதையே தனது சாதனையாக ஒன்றிய அரசு பறைசாற்றி வருகிறது. விவசாயக் கடன் அட்டையின் மூலம் வட்டி மானியத்துடன் பெறும் கடனின் உச்சவரம்பு 3 லட்சம் ரூபாயிலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்படும் என 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. பிணையற்ற கடனுக்கான வரம்பும் 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாயாக்கப்பட்டது. வரம்புகள் உயர்கின்றன. ஆனால், பணம் யார் கைக்குச் சென்று சேருகிறது?

பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவீதம். உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தினால் 4 சதவீதம். இந்தச் சலுகையைப் பெற வங்கி முதலில் கேட்பது நில ஆவணம். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவரிடம் அது இல்லை. நிலத்தில் கால் வைக்காத உடைமையாளர் அதே நிலத்தைக் காட்டிப் பயிர்க் கடன் பெறுகிறார். பல இடங்களில் வெள்ள நிவாரணமும் அவருக்கே போகிறது. குத்தகை விவசாயியோ உரக்கடைக்காரரிடமும் தரகு வணிகரிடமும் கையேந்துகிறார். கடன் கொடுத்த வணிகரே அறுவடையின்போது விலையையும் தீர்மானிக்கிறார். வீட்டுப் பெண்கள் 20 சதவீதத்திற்கும் அதிகமான வட்டிக்கு நுண்கடன் நிறுவனங்களிடம் சிக்குகின்றனர். அந்நிறுவனங்களின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் 2022இல் ரிசர்வ் வங்கி நீக்கிவிட்டது.

ஆந்திரப் பிரதேசத்தின் அனுபவம் கவனத்திற்குரியது. குத்தகை விவசாயிகளுக்குக் கடன் தகுதி அட்டை வழங்க 2011இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 2019இல் வந்த சட்டம், நில உடைமையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. உரிமை பறிபோகும் என அஞ்சுபவரும், தம் பெயரில் ஏற்கெனவே கடன் வாங்கியவரும் எப்படிக் கையெழுத்திடுவர்? உழுபவரின் உரிமை உடைமையாளரின் தயவாகச் சுருங்கிப்போனது.

வங்கிகள் தமது கடனில் 18 சதவீதத்தை விவசாயத்திற்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் உணவு பதப்படுத்தும் நிறுவனமொன்றுக்கு 100 கோடி ரூபாய் வரை வழங்கும் கடனும் இக்கணக்கில் சேர்கிறது. பெருநிறுவனத்திற்கான ஒரே கடன், ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளின் இடத்தை நிரப்பிவிடுகிறது. 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் 16 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகமான வாராக் கடன்களை வங்கிகள் தமது கணக்கேடுகளிலிருந்து நீக்கின. அதில் பெரும்பகுதி பெருந்தொழில் மற்றும் சேவை நிறுவனங்களுடையது. விவசாயிகளின் கடன் தள்ளுபடி என்றதும் மட்டும் நிதி ஒழுக்கம் பற்றிய உபதேசம் தொடங்கிவிடுகிறது.

உடைமையாளரின் ஒப்புதலின்றி, கிராம அளவிலான விசாரணையின் அடிப்படையில் சாகுபடியாளருக்கு அட்டை வழங்கப்பட வேண்டும். பெயரில் நிலமில்லாத பெண் விவசாயிகளுக்கும் அது உறுதி செய்யப்பட வேண்டும். குத்தகை விவசாயிகளுக்கெனத் தனிக் கடன் இலக்கும், இழப்பை அரசு ஏற்கும் உத்தரவாதமும் வேண்டும். கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வலுப்படுத்தப்பட வேண்டும். கிராமந்தோறும் குத்தகை விவசாயிகளின் பட்டியலைத் திரட்டி, வங்கிக் கிளைகளின் முன் இக்கோரிக்கைகளை எழுப்புவது விவசாய இயக்கத்தின் உடனடிக் கடமையாகும்.