வினையூக்கியும் உலோகச் சிக்கனமும்

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்த ரிச்சர்ட்ஸ் டவுனில், மரநிழலில் ஒரு பெட்ரோல் மோட்டார் கார் நிற்பதாகக் கொள்க. அதன் அடியில், புகைக்குழாயின் இடையே, தகரப் பெட்டி போன்ற பாகம் ஒன்று உண்டு. அதனுள்ளே தேனடை போல் துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி இருக்கிறது. அத்துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் இடைநிலை உலோகங்கள் சில கிராம் அளவே பூசப்பட்டுள்ளன. கார்பன் மோனாக்ஸைடு, எரியாத எண்ணெய் ஆவி, நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஆகிய மூவகை நஞ்சுகளைக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாற்றுவது இப்பூச்சேயாகும். 1995 ஏப்ரலில் நமது நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் பட்டால் இவ்வுலோகங்கள் செயலிழக்கும். ஆகவே ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது.

இவ்வுலோகங்கள் நம் மண்ணில் தாராளமாகக் கிடைப்பவை அல்ல. தென்னாப்பிரிக்காவும் ருஷ்யாவுமே உலகிற்கு இவற்றைப் பெரும்பாலும் வழங்குகின்றன. 2022 மார்ச்சில், யுத்தத்தின் விளைவாக, ஓர் அவுன்ஸ் பல்லேடியத்தின் விலை 3,000 டாலரைத் தாண்டியது. ஆதலால், வாங்கிய உலோகத்தில் எத்தனை அணுக்கள் உண்மையில் வேலை செய்கின்றன என்பது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று.

வினை நிகழ்வது உலோகத் துகளின் மேற்பரப்பில் மட்டுமே. உள்ளிருக்கும் அணுக்கள் சும்மா கிடக்கின்றன. 5 நானோமீட்டர் குறுக்களவுள்ள பிளாட்டினத் துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அணுக்களே வெளியில் உள்ளன. புகையின் வெப்பத்தில் நாளடைவில் துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பருக்கின்றன. துகள் 20 நானோமீட்டர் ஆகிவிட்டால் வேலை செய்வது இருபதில் ஒரு பங்குதான். எஞ்சியவற்றிற்கும் விலை கொடுத்தாயிற்று!

ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், 1909-இல் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகம் இருக்கிறது. இச்சிக்கலுக்கு அங்கு பிறந்த விடை, வியப்பாக, ராக்கெட்டின் திட எரிபொருளைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து கிளைத்ததாகும். எரிபொருளையும் அதை எரிக்கும் பொருளையும் எந்த அளவில் கலப்பது என்பதற்கு அங்குள்ள ஆராய்ச்சியாளர் 1981-இல் ஓர் எளிய இணைதிறன் கணக்கை வகுத்தனர். பேராசிரியர் கே. சி. பாட்டீல், ஹைட்ரஸீனும் உலோகமும் இணைந்த அணைவுச் சேர்மங்களைத் தயாரித்தார். அவை தாழ்ந்த வெப்பத்திலேயே தாமாக எரிந்து மிக நுண்ணிய ஆக்ஸைடுத் தூளைத் தந்தன. பின்னர் 1988-இல் அவரும் ஜே. ஜே. கிங்ஸ்லியும் வெளியிட்ட முறை இன்னும் எளிது. அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் நீரில் கரைத்து, 500 டிகிரி சூட்டிலுள்ள உலையில் வைத்தால், கரைசல் கொதித்துப் பொங்கி நுரைத்துத் தீப்பற்றுகிறது. ஐந்து நிமிஷங்களில் உப்பலான அலுமினா கிடைக்கிறது. ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை உலை தரவில்லை; கலவையே தந்துகொள்கிறது.

அக்கணக்கு உயர்நிலைப் பள்ளி மாணவனுக்கும் எட்டக்கூடியது. கார்பனுக்கு +4, ஹைட்ரஜனுக்கு +1, ஆக்ஸிஜனுக்கு −2, நைட்ரஜனுக்குச் சுழி, உலோகத்திற்கு அதன் இணைதிறன் எனக் கொள்ளவேண்டும். அலுமினியம் நைட்ரேட்டில் +3-உம் ஒன்பது ஆக்ஸிஜனுக்கு −18-உம் சேர்ந்து −15. யூரியாவில் +4, +4, −2, ஆக +6. எனவே இரண்டு மூலக்கூறு நைட்ரேட்டுக்கு ஐந்து மூலக்கூறு யூரியா. −30-உம் +30-உம் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. பாடப்புத்தகத்தில் உயிரற்றுக் கிடக்கும் ஆக்ஸிஜனேற்ற எண்ணுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் கரும்பலகையோடு நிற்க வேண்டும். நைட்ரேட் எரியும்போது நச்சான பழுப்பு நிறப் புகை எழலாம், தீயும் சீறும். புகைபோக்கி இல்லாத பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து காட்டுவது தவறு.

இம்முறையைப் பேராசிரியர் எம். எஸ். ஹெக்டே, பாட்டீலோடும் கிரிதர் மதராஸோடும் சேர்ந்து வினையூக்கிகளுக்குப் பயன்படுத்தினார். சீரியம் உப்போடு மிகச் சிறிதளவு பல்லேடியம் உப்பையும் கலந்து எரித்தபோது, பல்லேடியம் தனித்துகளாகப் படியவில்லை. சீரியம் ஆக்ஸைடுப் படிகத்தில், நூறு சீரியம் அணுக்களுக்கு ஒன்றிரண்டு வீதம், அவற்றின் இடத்திலேயே அயனியாக அமர்ந்தது. இவ்வாறு தனித்தனியே அமர்ந்த அயனிகளிடம், துகளின் உட்புறம் என்னும் வீண் இல்லை. கார்பன் மோனாக்ஸைடு பல்லேடியத்தைப் பற்றிக்கொண்டு பக்கத்து ஆக்ஸிஜனை எடுத்துச்செல்கிறது; காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அவ்வெற்றிடத்தை நிரப்புகிறது. சீரியம் நமக்கு அந்நியப் பொருளும் அன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனஸைட்டில் அது மிகுதியாக உண்டு.

இத்தகைய ஆராய்ச்சியை மக்களுக்குச் சொல்லும் விதத்தில்தான் குறை இருக்கிறது. "நானோ" என்ற சொல் மந்திரம் போல் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. தூள் நுண்மையானது என்பதாலேயே அது சிறந்ததாகிவிடாது. பெங்களூர் ஆராய்ச்சியின் சிறப்பு நுண்மையைவிட, ஒவ்வோர் உலோக அணுவும் எங்கே அமர்ந்திருக்கிறது என்று கேட்டதில் உள்ளது. வெப்பமும் எரிபொருள் மிகுந்த புகையும் படும்போது அயனிகள் அயனிகளாகவே நீடிக்குமா, அல்லது உலோகமாகத் திரண்டுவிடுமா என்பது பற்றி உலகின் ஆராய்ச்சியாளரிடையே இன்றும் விவாதம் உண்டு. அதையும் மாணவருக்கு மறைக்காமல் சொல்லுதல் நலம். கண்ணாடிக் குழாயில் சில மணி நேரம் நன்கு உழைத்த வினையூக்கி, ஒரு லட்சம் கிலோமீட்டர் குலுங்கி ஓடிய வண்டியிலும் உழைக்குமா என்பது வேறு சோதனை. அச்சோதனைக்கு ஆகும் பணமும் பொறுமையும், புதிய கட்டுரைகளுக்குக் கிடைக்கும் கைதட்டலைவிடக் குறைவாகக் கிடைப்பது வருந்தத்தக்கது.

களப் பணியாளருக்கும் இதில் வேலை உண்டு. புகைக்குழாய்ப் பெட்டியை மெல்லத் தட்டும்போது உள்ளே கலகலவென்று ஓசை கேட்டால், தேனடை உடைந்திருக்கக்கூடும். அப்பெட்டியைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயைப் பொருத்துமாறு சில பட்டறைகளில் கூறப்படும் யோசனையை வண்டிக்காரர் ஏற்கலாகாது. அதனால் நஞ்சு முழுவதும் தெருவிற்கே வரும். கழற்றிய பழைய பெட்டியும் வெறும் இரும்பன்று. உடைந்த பீங்கானில் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் அப்படியே தங்கியிருக்கின்றன. அதைக் குப்பையில் கொட்டாமல், உலோகத்தைப் பிரித்தெடுக்கும் பதிவுபெற்ற நிலையத்திற்குச் சேர்க்கும்படி பழைய இரும்புக் கடைக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.