பால்மா அட்டை

அனகாபுத்தூரில் எழுபதைத் தாண்டிய எந்த நெசவாளரிடம் பேசினாலும் நைஜீரியா என்ற பெயர் வந்துவிடும். மெட்ராஸ் கைக்குட்டை என்று ஏற்றுமதிக்காரர்கள் சொன்ன கட்டம் போட்ட துணி இங்கிருந்து அங்கே போனது. பெயர்தான் கைக்குட்டை, நெய்வது எட்டு கஜம். "அங்க சண்டை வந்துச்சு, அப்புறம் வெளித்துணியே வரக்கூடாதுன்னு தடை போட்டாங்க, அத்தோட நின்னுபோச்சு" என்பார் எங்கள் தெருப் பெரியவர். அரை நூற்றாண்டாக அந்தப் போர் நமக்கு நின்றுபோன ஆர்டர் மட்டும்தான்.

அந்தத் துணி அங்கே யாரிடம் போனது? நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை இஞ்சிரி என்கிறார்கள். குழந்தை பிறந்தால் இஞ்சிரி, ஆள் இறந்தால் கிடத்தும் கட்டிலுக்கும் இஞ்சிரி. அவர்களுடைய பெண்கள் பிளேடால் நடுநடுவே இழையை அறுத்து உருவி, அதே துணியில் வேறொரு கோலம் கொண்டுவருவார்கள். பாவு ஓட்டிய கைக்குத்தான் அந்தப் பொறுமையின் அருமை தெரியும். பக்கத்து இக்போ இனப் பெண்கள் உடுத்தும் ‘ஜார்ஜ்’ துணிக்கும் நம் ஜார்ஜ் கோட்டைதான் பெயர் கொடுத்தது என்கிறார்கள்.

1967 மே 30 அன்று இந்த மக்கள் வாழும் நைஜீரியாவின் கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்று தனிநாடு அறிவித்தது. ஜூலையில் போர். 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் விழுந்ததும் கடல்வழி அடைபட்டது. வயிற்றுக்குக் கிழங்கு கொஞ்சம் கிடைத்தது, பருப்போ மீனோ பாலோ இல்லை. பிள்ளைகளுக்குக் கால் வீங்கி, வயிறு உப்பி, முடி செம்பட்டையாகி உதிர்ந்தது. உலி என்ற ஊரில் நெடுஞ்சாலையையே ஓடுதளமாக்கி, இரவில் விளக்கை அணைத்துக்கொண்டு உணவு விமானங்கள் இறங்கின. 1970 ஜனவரியில் எல்லாம் முடிந்தபோது செத்தவர்கள் 5 லட்சம் என்றார்கள், 30 லட்சம் என்றும் சொன்னார்கள். இரண்டு கணக்குக்கும் நடுவே 25 லட்சம் உயிர். பெரும்பாலும் பிள்ளைகள். அவர்களை எண்ணக்கூட யாரும் இருக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது பெரியவர் தறியை நிறுத்திவிட்டார். "அந்தப் புள்ளைங்க மேல நம்ம துணியும் இருந்திருக்குமாப்பா?" என்று கேட்டார். இருந்திருக்கும் ஐயா.

நம் மொழி பேசும் பிள்ளைகளுக்கும் இதுவே நடந்தது. 2009இல் இலங்கைப் போரில் வன்னியில் 3,30,000 பேர்வரை அடைபட்டுக் கிடக்க, கொழும்பு அரசு எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லி உணவையும் மருந்தையும் குறைத்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் பால்மா வாங்க வரிசையில் நின்ற தாய்மார்மீதும் பிள்ளைகள்மீதும் எறிகணை விழுந்தது. இறந்த தாய்மார் சிலருடைய கையில் பால்மா அட்டை இருந்ததையும் அந்த அறிக்கை சொல்கிறது. 2025 ஆகஸ்டில் காசாவில் பஞ்சம் என்று உறுதி செய்தபோது நமக்கு அந்த அட்டைதான் கண்முன் வந்தது.

சாதாரண மக்களைப் பட்டினி போட்டுப் போர் நடத்தக் கூடாது என்று 1977இல் ஜெனீவா ஒப்பந்தங்களுடன் கூடுதல் நெறிமுறைகளைச் சேர்த்தார்கள். அவற்றில் இலங்கை சேரவில்லை, இஸ்ரேலும் சேரவில்லை. இந்தியாவும் இன்றுவரை சேரவில்லை. நூல் விலைக்கும் கூலிக்கும் நம் நெசவாளர் கூட்டங்களில் தீர்மானம் போடுகிறோம். அடுத்த கூட்டத்தில் இந்தியா அவற்றில் சேர வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் போடுவோம். முன்மொழியப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.