சாயாத சாய்சதுரம்

கல்முனையிற் பயிலும் மாணவர் ஒருவர் எம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். “சதுரம் சாய்சதுரம் ஆகுமா?” என்ற வினாவிற்கு “ஆகாது” என்று விடையெழுதிப் புள்ளியை இழந்தாராம். “சாயாத ஒன்றைச் சாய்சதுரம் என்பது எங்ஙனம் பொருந்தும்?” என்பது அவர் முறைப்பாடு. நியாயமான கேள்வியே! ஆகவே இவ்வாரம் அச்சொல்லின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் இவ்வுருவத்தை ‘ரொம்பஸ்’ என்பர். அதன் தாய் ‘ரொம்பொஸ்’ என்னும் கிரேக்கச் சொல். சுழற்றப்படுவது என்பது அதன் பொருள். கயிற்றிற் கட்டிச் சுழற்றி ஒலி எழுப்பும் ஒரு பலகைக் கருவிக்கும் கிரேக்கர் அப்பெயரையே வழங்கினர். கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்கிளிட்டு, பக்கங்கள் சமமாயிருந்தும் கோணங்கள் செங்கோணமாகாத உருவத்தையே ரொம்பொஸ் என்று வரையறுத்தார். எனவே நம் மாணவர் எழுதிய விடையை யூக்கிளிட்டு ஏற்றிருப்பார்!

இனி அரபு மொழிக்கு வருவோம். கி.பி. 9ஆம் நூற்றாண்டிற் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, அட்சரகணிதம் பற்றிய தமது நூலின் அளவையியற் பகுதியில் இவ்வுருவத்தையும் எடுத்துக்கொண்டார். அரபியில் இதன் பெயர் ‘முஅய்யன்’. குர்ஆன் மதரசாவில் எழுத்துக் கற்ற பிள்ளைகள் ‘ஐன்’ என்னும் எழுத்தை அறிவர். ஐன் என்றாலே கண் என்று பொருள். அச்சொல்லடியாகப் பிறந்ததே முஅய்யன். சிறு சிறு கட்டங்கள் இட்டு நெய்த துணியையும் அரபியர் இப்பெயரால் அழைத்தனர்; அக்கட்டங்கள் காட்டு விலங்கின் கண்களை ஒத்தன என்பது பழைய அகராதிகள் தரும் விளக்கம். கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை மக்களுக்கு இச்செய்தி உவப்பளிக்கும் அன்றோ?

நெசவாளர் மட்டுமல்லர், நம் கடற்றொழிலாளரும் இவ்வுருவத்தைக் கண் என்றே அழைக்கின்றனர். வலைக்கண்ணைச் சற்று உற்று நோக்குங்கள். நான்கு முடிச்சுகள், அவற்றை இணைக்கும் சம நீளமான நான்கு இழைகள். வலையை நீளவாக்கில் இழுத்தாற் கண் ஒடுங்குகின்றது. தளர்த்தி அகலவிட்டாற் கண் விரிகின்றது. எவ்வாறாயினும் இழையின் நீளம் மாறுவதில்லை.

இதனைக் கணக்கிட்டும் பார்க்கலாம். சாய்சதுரத்தின் பரப்பளவு அதன் மூலைவிட்டங்கள் இரண்டினது பெருக்கத்திற் பாதியாகும். பக்கம் 5 சதமமீற்றர் எனக் கொள்வோம். கண் ஒடுங்கி, மூலைவிட்டங்கள் 9.6, 2.8 என நிற்கும்போது பரப்பளவு 13.44 சதுர சதமமீற்றர். சற்று விரிந்து 8, 6 என ஆகும்போது 24. முழுதும் விரிந்து சதுரமாகும்போது 25. அதற்குமேல் அது விரியாது. பக்கம் மாறாதிருக்கவே பரப்பளவு மாறுகின்றது. கண் இறுக மூடினாற் குஞ்சு மீனும் தப்பாது. குஞ்சு அழிந்தால் நாளைய பிடிபாடு ஏது?

நம் மாணவரின் வழக்கிற்குத் தீர்ப்பும் இங்கேயே கிடைக்கின்றது. ஒடுங்கிய கண்ணும் கண்ணே. முழுதும் விழித்த கண்ணும் கண்ணே. விழித்த கண்ணைக் கண் அன்று என்பார் உளரோ? நான்கு பக்கங்களும் சமமாயின் அந்த நாற்பக்கல் சாய்சதுரமே என்பது இன்றைய வரைவிலக்கணம். ஆதலாற் சதுரம், செங்கோணங்கள் வாய்ந்த சிறப்பானதொரு சாய்சதுரம். ‘சாய்’ என்ற அடைமொழி உருவத்தின் ஒரு தோற்றத்தை மட்டுமே காட்டி மாணவரை மயக்கிவிட்டது.

பெயர் ஒரு பொருளை நமக்கு அறிமுகஞ் செய்கின்றது. அதன் எல்லையை வகுப்பதோ வரைவிலக்கணம். மாணவச் செல்வர்கள் இரண்டையும் கற்பாராக. ஐயம் எழுமிடத்துக் கடற்கரைக்குச் சென்று, உலரும் வலையொன்றை இருகையாலும் மெல்ல விரித்துப் பார்ப்பாராக.