பிரசவத்துக்காகப் பிறந்த வாள்



நம்ம கோலா கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் வேலிக்குள் நிற்கிறதே, அதற்கு மட்டும்தான் தீர்க்காயுசு. தோட்டத்து மரங்களுக்கு முப்பது வருஷத்தில் கணக்கு முடிந்துவிடும். பால் குறைந்தால் செயின்சா வந்துவிடும்.

அந்தச் செயின்சா மரம் அறுக்கப் பிறந்ததல்ல. பிள்ளைப்பேற்றுக்காகப் பிறந்தது. சிரிக்காதீங்க, உண்மைதான்.

ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் எய்ட்கன் 1785இல் வெளியிட்ட பிரசவ நூலில் அதன் படம் இருக்கிறது. அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தால் தாய் பிழைப்பது அபூர்வம். ஆகவே பிள்ளை சிக்கிக்கொண்டால், இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பை அறுத்து வழியை அகலமாக்கினார்கள். அதற்குத்தான் இந்த வாள். அறுவைக்கு மயக்க மருந்து வந்ததே 1846இல்தான். அந்தத் தாய்மார்கள் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள்!

ஆனால் அது இன்றைய இரைச்சல் மெஷின் அல்ல. பல் வைத்த மெல்லிய சங்கிலி, ரெண்டு முனையிலும் பிடி, கையால் இழுப்பது. கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் ஜெஃப்ரே கெட்டுப்போன எலும்பை அறுக்க இதே மாதிரி வாளைக் கொண்டுவந்தார். 1830 வாக்கில் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனே, சங்கிலியைத் தகட்டைச் சுற்றி ஓடவிட்டு, கையால் சுழற்றும் கருவி செய்தார். செயின்சாவின் ஜாடை அதில் அப்படியே இருக்கும். சுற்றிலும் உள்ள சதையில் பல் படாதபடி காப்பும் வைத்தார். அதே நாட்டில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரத்திலும், 1929இல் பெட்ரோலிலும் ஓடும் மர வாள்களைச் செய்தார்.

படுத்துக் கிடந்த நோயாளியின் சதைக்கு அன்றே காப்பு இருந்தது. இன்று நம்ம ஆளுக்கு என்ன இருக்கிறது? கைலியை மடித்துக் கட்டி, ஜப்பான் சிலிப்பரோடு மரம் சாய்ப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாளின் நுனி மேல்பக்கம் கட்டையில் பட்டால் மெஷின் முகத்துக்கே எகிறி வரும். அது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து.

தெரியாத ஆபத்துதான் அதிகம். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், திரும்ப வராது. மெஷின் அதிர்வு விரல் நரம்பைக் கெடுக்கும். குளிர் நாட்டில் விரல் வெள்ளையாகிக் காட்டிக் கொடுத்துவிடும். நம்ம வெயிலில் பெரும்பாலும் அப்படித் தெரியாது. மரத்துப்போகும், குறுகுறுக்கும், பிடி தளரும். வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறோம்.

ஹெல்மெட், முகமூடி, காதடைப்பு, கனத்த காலாடை, பூட்ஸ் எல்லாம் வேலை கொடுப்பவர் தரவேண்டியவை என்பதே என் கருத்து. காண்ட்ராக்ட் ஆள், வெளிநாட்டு ஆள் என்று பிரிக்கக் கூடாது. 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்புக்குத் தரும் சாமானுக்குச் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது.

விரல் மரத்தால், காதில் இரைச்சல் நின்றால், கிளினிக்கில் டாக்டர் கேட்காவிட்டாலும் “நான் செயின்சா பிடிக்கிறவன், இத்தனை வருஷம்” என்று நீங்களே சொல்லுங்கள். அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அதிர்வால் வரும் நோயும், சத்தத்தால் போகும் காதும் சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அந்த எழுத்தோடு தோட்டத் தலைவரைப் போய்ப் பாருங்கள்.